கருவறைக்குள் நிற்பவருக்கு எத்தனை நாள் அவகாசம்?

அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 நவம்பரில் பிரீச் கேண்டியிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸுக்கு இடம் மாறியது. மித்தி ஆற்றுக்கு இந்தக் கரையில் தாராவி, அந்தக் கரையில் தூதரகம். கல்யாணில் லோக்கல் ஏறினால் குர்லாவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். காலையில் அங்கே வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், சாஃப்ட்வேர்க்காரர்கள், மகள் பிரசவத்துக்குக் கிளம்பும் பெற்றோர். அவர்களுக்கு நடுவே, நெற்றியில் விபூதியோ திருமண்ணோ துலங்க, ஏதோ ஓர் அமெரிக்கக் கோயிலின் லெட்டர்ஹெட்டில் வந்த கடிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. அவர்களுடைய விசாவுக்கு ஆர்-1 என்று பெயர். சமயப் பணியாளர்களுக்கான தற்காலிக வேலை விசா.

கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அமெரிக்காவில் பிள்ளை இல்லாத வீடு குறைவு. எச்-1பி பற்றி யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார்கள். லாட்டரி, ஸ்டாம்பிங், கிரீன் கார்டு வரிசை எல்லாம் அத்துப்படி. அதே பிள்ளைகள் வாரக்கடைசியில் போய்க் கும்பிடும் கோயிலில் தீபாராதனை காட்டும் குருக்கள் எந்தக் காகிதத்தின் பேரில் அங்கே நிற்கிறார், அந்தக் காகிதம் அவருக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்று கேட்டால் பதில் வராது. அந்த மௌனத்தால்தான் இந்தக் கட்டுரை.

காகிதம் யார் கையில்?

புலம்பெயர்ந்த தமிழர் முன்னின்று கட்டிய அமெரிக்கக் கோயில்களில் மூத்தது நியூயார்க் ஃப்ளஷிங்கில் உள்ள மகாவல்லப கணபதி கோயில். 1977 ஜூலை 4-ஆம் தேதி அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரரும் அந்தக் காலத்தவர்தான். பிறகு மலிபு, சிகாகோ, ஹூஸ்டன் என்று கோயில்கள் பெருகின. கோயில் கட்டப் பணம் இருந்தது. ஆகமம் தெரிந்தவர் அங்கே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் பிள்ளையார்பட்டிப் பாடசாலையிலிருந்தும்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழகியவர்களுக்கு இன்னொரு தகுதியும் சேர்ந்தது: சொந்த ஊருக்கு வெளியே, பல மொழி பேசும் பக்தர்களுக்கு நடுவே கோயில் நடத்திய அனுபவம்.

ஆர் என்ற விசா வகை 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. பாதிரியாருக்கும் இமாமுக்கும் ரப்பிக்கும் குருக்களுக்கும் ஒரே சட்டம்தான். விண்ணப்பிப்பவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர வேலை இருக்க வேண்டும். அழைக்கும் நிறுவனம் லாப நோக்கற்றது என்று வரித்துறைச் சான்று காட்ட வேண்டும். முதலில் 30 மாதம், நீட்டித்தால் இன்னும் 30 மாதம், ஆக 5 ஆண்டுகள். கோயில்தான் ஐ-129 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து அனுமதி வாங்கும்; அந்த அனுமதி வந்த பிறகே இங்கே நேர்காணல்.

இதில் மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. எச்-1பி பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எச்-1பியில் ஒருவரை எடுக்கும் நிறுவனம், அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாகக் கிடைக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் தருவேன் என்று தொழிலாளர் துறையிடம் உறுதி கொடுத்தாக வேண்டும். ஆர்-1க்கு அப்படி ஓர் உறுதி கிடையாது. சம்பளமாகத் தரலாம், இருக்க இடமும் சாப்பாடும் என்றும் காட்டலாம். எவ்வளவு என்பதைக் கோயில் கமிட்டி தீர்மானிக்கிறது.

எச்-1பிகாரருக்கு வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் வரை அவகாசம் உண்டு. அந்தச் சலுகை எந்தெந்த விசாக்களுக்கு என்று விதி பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அதில் ஆர்-1 இல்லை. கமிட்டி குருக்களை விலக்கினால் 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கோயிலுக்குக் கடமை இருக்கிறது. குருக்களுக்கு ஒரு நாள்கூட உரிமையாக இல்லை. வேறு கோயில் அவரை எடுக்கத் தயாராக இருந்தாலும், அந்தக் கோயில் புதிதாக விண்ணப்பித்து அனுமதி வாங்கும் வரை அங்கே அவர் மணியடிக்க முடியாது.

கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய எச்-1பிகாரர்களின் மனைவியோ கணவரோ வேலை பார்க்க 2015 முதல் அனுமதி பெறலாம். குருக்களின் மனைவிக்குக் கிடைப்பது ஆர்-2. அதில் வேலைக்குப் போகவே கூடாது. பிள்ளைகள் படிக்கலாம், 21 வயது வரை உடன் இருக்கலாம். பஸ் போகாத ஒரு புறநகரில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில், கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண் ஐந்து ஆண்டுகள் எப்படி நாள் கழிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணில் அவர் ட்யூஷன் எடுத்திருக்கலாம், அப்பளம் வடகம் போட்டு விற்றிருக்கலாம், பாட்டு சொல்லிக்கொடுத்திருக்கலாம். அங்கே அதற்கும் வழியில்லை. வீட்டில் இரண்டாவது வருமானம் இல்லாதபோது ஒற்றைச் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கும் துணிச்சல் எவருக்கு வரும்?

ஆக, கருவறைக்கு வெளியே கைகூப்பி நிற்கும் பொறியாளருக்கு 60 நாள். உள்ளே நிற்பவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரே வரிசையில் நின்று போனவர்களாகவும் இருக்கலாம்.

ராபின்ஸ்வில்லில் என்ன நடந்தது?

2021 மே 11. நியூஜெர்சி மாநிலம் ராபின்ஸ்வில்லில் பாப்ஸ் சுவாமிநாராயண் அமைப்பு கட்டிக்கொண்டிருந்த பெரிய கோயில் வளாகத்துக்குள் எஃப்பிஐ அதிகாரிகள் நுழைந்து, சுமார் 90 தொழிலாளர்களை வெளியே அழைத்துவந்தார்கள். அன்றே கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் தாக்கலானது. தொழிலாளர்கள் ராஜஸ்தான் போன்ற இடங்களிலிருந்து ஆர்-1 விசாவில் வந்தவர்கள். வழக்குத் தொடுத்தவர்கள் தலித்துகள்.

மனுவில் அவர்கள் சொன்னது இது. வாரத்துக்கு ஏறக்குறைய 87 மணி நேரம் வேலை. மாதத்துக்கு 450 டாலர். அதில் 50 டாலர் அளவுக்குக் கையில், மீதி இந்தியாவில் உள்ள கணக்கில். கணக்குப் போட்டால் மணிக்கு 1.20 டாலர். நியூஜெர்சியில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். பாஸ்போர்ட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன, வெளியார் யாருடனும் பேசக் கூடாது என்று சொல்லப்பட்டது. விசாக் காகிதத்தில் அவர்கள் தன்னார்வலர்கள். கல்லில் வேலை செய்யும் கலைஞர்கள், ஓவியர்கள். செய்தது கல் தூக்குவதும் கிரேன் ஓட்டுவதும் சாலை போடுவதும் என்கிறது மனு. அதே ஆண்டில் மனு திருத்தப்பட்டு, வேறு மாநிலங்களில் உள்ள கோயில்களும் சேர்க்கப்பட்டன.

பாப்ஸ் இதையெல்லாம் மறுத்தது. வந்தவர்கள் பக்தியால் சேவை செய்ய வந்தவர்கள் என்பது அதன் நிலை. வழக்குத் தொடுத்தவர்களில் சிலர் பின்னர் விலகிக்கொண்டார்கள். கோயில் 2023 அக்டோபர் 8-ஆம் தேதி திறக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள், குற்றச்சாட்டு எதையும் பதியாமல் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். இதை முழுவதுமாகச் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் குற்றவியல் விசாரணை முடிந்ததால் கேள்வி முடிந்துவிடவில்லை. மாதம் 450 டாலர் என்பது 2021-இல் முப்பத்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல். ராஜஸ்தானின் கல்குவாரியில் உழைத்தவருக்கு அது பெரிய தொகை. நம்மூர்க் கிராமக் கோயிலில் ஒருகாலப் பூஜைக்குச் சொற்பச் சம்பளமும் தட்டில் விழும் காசுமாகக் காலம் தள்ளும் ஒருவருக்கும் அப்படித்தான். கடிதம் வரும்போது மனம் ரூபாயில் கணக்குப் போடுகிறது. போய் இறங்கிய மறுநாளிலிருந்து வாழ்க்கை டாலரில் நடக்கிறது. பல் வலித்தால் டாலர், பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கினால் டாலர். இந்த இடைவெளியில்தான் குறைந்த கூலி நிலைத்து நிற்கிறது. இதை அறிந்தே சம்பளம் பேசும் கமிட்டிகள் இருக்கின்றன. அது தவறு.

தமிழர்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு சம்பவம் கனடாவில் நடந்தது. டொரண்டோவில் ஒரு கோயிலுக்குச் சிற்ப வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தற்காலிகத் தொழிலாளர்களாகப் போன நான்கு பேர், கோயிலின் கீழ்த்தளத்தில் தங்கவைக்கப்பட்டதாகவும், நீண்ட நேரம் வேலை வாங்கப்பட்டதாகவும், சரியான சாப்பாடுகூடக் கிடைக்கவில்லை என்றும் 2017-இல் புகார் சொன்னார்கள். கோயில் தரப்பு மறுத்தது. அங்கே விசாவின் பெயர் வேறு; பிடி ஒன்றுதான். அழைத்தவர் கையில் காகிதம், காகிதத்தின் மேல் பிழைப்பு.

ராபின்ஸ்வில்லிலும் டொரண்டோவிலும் புகார் சொன்னவர்கள் கருவறைக்குள் நிற்கும் அர்ச்சகர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கல் செதுக்குபவர்கள், வண்ணம் பூசுபவர்கள். மடப்பள்ளிப் பரிசாரகரும் நாதஸ்வர, தவில் கலைஞரும் அந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். ஆர்-1 விதி, சமயத்தின் மரபான பணி என்று அந்தச் சமயமே ஏற்றுக்கொண்ட வேலையைத்தான் ஒப்புக்கொள்கிறது. துப்புரவு, பராமரிப்பு, எழுத்தர் வேலை ஆகியவை அதில் சேராது. மாமல்லபுரத்தில் சிற்பக்கலை படித்த ஸ்தபதி சமயப் பணியாளரா, கட்டடத் தொழிலாளியா? நைவேத்தியம் சமைப்பவர் சமையல்காரரா, கைங்கர்யம் செய்பவரா? நம் மரபில் இதற்குப் பதில் தெளிவு. அமெரிக்க அதிகாரியின் மேசையில் ஒவ்வொரு முறையும் அது ஒரு வழக்கு. பதில் தெளிவில்லாத இடத்தில் நிற்பவரைத்தான் எளிதில் வளைக்க முடியும். ராபின்ஸ்வில்லில் வழக்குத் தொடுத்தவர்கள் தலித்துகள் என்பதையும் மறக்க வேண்டாம். தாராவியில் வளர்ந்த யாருக்கும் இது புரிய நேரமாகாது.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

அமெரிக்க அரசு இந்த விசாவைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. அந்தச் சந்தேகம் ஆதாரமில்லாதது அல்ல. சமயப் பணியாளர் விண்ணப்பங்களில் 220-ஐ எடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் ஒரு பங்கு மோசடி என்று குடியேற்றத் துறை கண்டது. இல்லாத கோயில், இல்லாத தேவாலயம், பூசாரி என்று சொல்லிப் பெட்ரோல் பங்கில் நிற்கும் ஆள். 2011-இல் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் ஒரு வைணவ அமைப்பின் தலைவர், பணம் வாங்கிக்கொண்டு இந்தியர்களைச் சமயப் பணியாளர் என்று காட்டி வரவழைத்ததாகக் கைது செய்யப்பட்டார். 2008 நவம்பர் விதிகளுக்குப் பிறகு, அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கிறார்கள்: கோயில் இருக்கிறதா, குருக்கள் அங்கேதான் வேலை செய்கிறாரா, கணக்கு இருக்கிறதா என்று. நேர்மையான கோயிலுக்கு இதனால் தாமதம்தான் மிச்சம். ஆனால் அந்த அதிகாரி வரும் நாளில் குருக்கள் அவரிடம் தனியாகப் பேச முடிந்தால், அதுவே ஒரு பாதுகாப்பு. கமிட்டி உறுப்பினர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஐந்து ஆண்டு முடிந்ததும் என்ன? சமீபம் வரை, ஓராண்டு நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டுத்தான் மறுபடி ஆர்-1 வாங்க முடியும். 2026 ஜனவரியில் அந்த ஓராண்டு நிபந்தனையை அமெரிக்க அரசு நீக்கியது. வெளியேறத்தான் வேண்டும், ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குக் காரணம் கிரீன் கார்டு வரிசையில் ஏற்பட்ட அடைப்பு. சமயப் பணியாளர்களும், கைவிடப்பட்ட புலம்பெயர் சிறார்களும் ஒரே பிரிவில் வருகிறார்கள். அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எண்ணிக்கைதான். 2023 ஏப்ரலில் வெளியுறவுத் துறை கணக்கிடும் முறையை மாற்றியதும் வரிசை நீண்டுவிட்டது. 2025 நிதியாண்டுக்கான எண்கள் பிப்ரவரி முடிவதற்குள் தீர்ந்துபோயின. நியூஜெர்சியில் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் இதை எதிர்த்து வழக்கே போட்டது. கத்தோலிக்கர்கள் உரக்கக் கேட்டதால் பலன் நம் குருக்களுக்கும் வந்திருக்கிறது. இந்துக் கோயில் அமைப்புகள் அந்த அளவுக்குக் குரல் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கத்தோலிக்கர்களைப் பற்றிப் பேசும்போது கல்யாணை விட்டுவிட முடியாது. சீரோ மலபார் திருச்சபையின் மறைமாவட்டம் ஒன்று 1988 முதல் கல்யாண் பெயரில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அது உயர்மறைமாவட்டம் ஆனது. அதே திருச்சபைக்கு 2001 முதல் சிகாகோவிலும் ஒரு மறைமாவட்டம் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் பாதிரியாருக்குப் பின்னால் ஓர் ஆயர் இருக்கிறார். பிரச்சினை என்றால் முறையிட ஒரு மேலிடம் உண்டு, திரும்பி வந்தால் இருக்க ஓர் இடம் உண்டு. குருக்களுக்குப் பின்னால் யாருமில்லை. பாடசாலை ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறது. கோயில்களுக்குப் பொதுவான தலைமை இல்லாதது நம் மரபின் சுதந்திரம். ஆனால் வெளிநாட்டில் தனித்துவிடப்பட்ட ஒருவருக்கு அந்தச் சுதந்திரம் உதவுவதில்லை.

சமயப் பணியாளர் கடல் கடந்து வருவது கல்யாணுக்குப் புதிதும் அல்ல. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கோஸ்மாஸ், கல்லியானா என்ற ஊரில் பாரசீகத்தில் நியமனம் பெற்ற ஆயர் ஒருவர் இருப்பதாக எழுதிவைத்தார். அந்த ஊர் நம் கல்யாண்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெரிப்ளஸ் என்னும் கடற்பயண நூல், இந்தத் துறைக்கு வந்துசேரும் கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு பரூகச்சம் என்னும் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்கிறது. யார் வரலாம், யார் எங்கே இறங்கலாம் என்ற கட்டுப்பாடு அன்றும் இருந்தது. இன்றைய இந்தியாவும் வெளிநாட்டு மதப் பணியாளருக்குத் தனி விசா வைத்திருக்கிறது. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்கூட மதப் பிரசாரத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவித்தது.

புறப்படும் முன்

பாடசாலையில் படித்த பலரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. அதனால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை விழுகிறது. இது குறை என்று நினைக்கிறார்கள். மலேசியா போன்ற நாட்டுக்குப் போகும்போது அந்த முத்திரையால் ஒரு நன்மை உண்டு: குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தரும். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவரின் ஒப்பந்தத்தை இந்திய அரசில் யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டியவர் அவரேதான், அது ஆங்கிலத்தில் இருக்கும்.

பிரிட்டன் வேறு விதத்தில் கடினம். 2019 ஜனவரி வரை தற்காலிகச் சமயப் பணியாளர் விசாவில் போனவர்களைக் கோயில்கள் அர்ச்சகராக வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது வழிபாட்டை நடத்துபவர் வேறு விசாவில் வர வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி காட்ட வேண்டும். ருத்ரமும் சமகமும் பிழையின்றிச் சொல்பவருக்கு அந்தத் தேர்வு பெரிய மலை.

புறப்படுகிறவர்களுக்குச் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் எவ்வளவு, தட்டில் விழுவதும் வீட்டுப் பூஜைக்கு வரும் தட்சிணையும் யாருக்கு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது, குடும்பத்தை எப்போது அழைத்துக்கொள்ளலாம், ஊர் திரும்ப டிக்கெட் யார் வாங்குவது என்பதையெல்லாம் கையெழுத்திட்ட கடிதத்தில் வாங்குங்கள். தட்சிணை விஷயம்தான் பிறகு மனக்கசப்பாகும். கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். சாஃப்ட்வேரில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விசா ஸ்டாம்ப் ஆன பாஸ்போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். அது இந்திய அரசின் உடைமை, உங்கள் பொறுப்பில் இருப்பது. கோயில் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் உரிமை எந்தத் தர்மகர்த்தாவுக்கும் இல்லை. சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கோயிலே வேண்டாம்.

மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்திலும் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலிலும் தலைமுறை தலைமுறையாகக் கோயில் நிர்வாகம் கண்ட குடும்பங்கள் இருக்கின்றன. மும்பையிலிருந்து போன பிள்ளைகள் அங்கே கோயில் கமிட்டிகளில் உட்காருகிறார்கள், நன்கொடை தருகிறார்கள், கும்பாபிஷேகத்துக்கு மலர் அச்சடிக்கிறார்கள். அவர்களிடம் இங்கிருக்கும் பெற்றோர் கேட்கலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், ராஜகோபுரத்துக்கு எவ்வளவு வசூலாயிற்று என்று கேட்கும் அதே வாயால், நம் குருக்களுக்கு என்ன சம்பளம், போன வருடம் எத்தனை நாள் விடுமுறை எடுத்தார், அவருடைய கிரீன் கார்டு மனுவைத் தாக்கல் செய்தாயிற்றா, பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லலாம். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் ஒன்று குருக்களிடமும் இருக்க வேண்டும்.